கால்கட்டு

கல்யாணத் தரகு வேலைக்கு முதலில் வேண்டியது நல்ல செருப்பு. ஜாதகம் பார்க்கத் தெரிய வேண்டும், நயமாகப் பேசத் தெரிய வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் அப்புறம். உச்சி வெயிலில் நாலு வீட்டுப் படி ஏறி இறங்க முடியாதவன் ஒரு ஜோடியையும் சேர்த்து வைக்க முடியாது. இங்கே வரும்போதுகூடச் செருப்பை ஸ்டேஷன் வாசலிலேயே கழற்றிவிட்டேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். பழக்கம், மேடம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கழற்றிவிடுவேன்.

அவசரப்படாமல் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். இன்ஸ்பெக்டர் விஜிலா மேடம் அதட்ட மாட்டார்கள் என்று வெளியே சொன்னார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

என் பெயர் தேவபிரசாதம். ஐம்பத்தாறு வயது. தனி ஆள். திரேஸ்புரம் கடற்கரையில் அப்பா விட்டுப்போன சங்கு வள்ளம் ஒன்று நிற்கிறது. சங்கு குளிக்கிற பையன்களை வைத்து அதை ஓட்டுகிறேன். அது போக, டவுனில் ஒரு மாடி அறையில் 'கானா திருமணத் தகவல் மையம்' நடத்துகிறேன். பைபிளில் கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சை ரசமானது. அந்த மாதிரி அற்புதம் எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது. ஆனால் நான் சேர்த்து வைத்தவர்கள் பிரிந்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வழக்குக்கு இதுதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

சந்தனச்செல்வி என்று ஒரு பெண். ஆற்றங்கரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான்தான் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தேன். படித்த பையன், உத்தியோகம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கல்யாணமாகி அரை வருஷம்கூட ஆகவில்லை, ஒருநாள் தனியாக மாடி ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, அவரு நல்லவருதான். ஒரு வார்த்தை வைய மாட்டாரு. ஆனா என்னைய பாத்தா, ஊசி போடுத டாக்டரைப் பாத்த புள்ள மாதிரி மிரளுதாரு. நான் என்ன செய்யட்டும்?"

அடுத்த வாரம் அந்தப் பையனும் வந்தான். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் அவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை. இரண்டு வீட்டையும் பேசிச் சமாதானமாகப் பிரித்துவிட்டேன். என் கையால் கட்டியதை என் கையாலேயே அவிழ்த்தது அந்த ஒரு தடவைதான். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது முதலிலிருந்தே கல்யாணம் இல்லை.

அதற்குப் பிறகு யோசித்தேன். ஊரில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்கு எவன் வரன் பார்ப்பான்? சட்டமும் அப்போதுதான் மாறியிருந்தது, ஆணும் ஆணும் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றாகிவிட்டது. போர்டில் நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அந்தப் பையனிடம் மட்டும் சொல்லி வைத்தேன். ஒருவர் வந்தார், அவர் இன்னொருவரை அனுப்பினார்.

நான் வேலையை முறையாகத்தான் செய்தேன். இந்தக் காலத்துப் பையன்கள் போனில் முகத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு ராத்திரிக்கு ஆள் தேடிக்கொள்கிறார்கள். அது தரகு இல்லை. என்னிடம் வருகிறவனிடம் நிறம், உயரம் கேட்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் உனக்குக் கஞ்சி வைப்பது யார் என்று கேட்பேன். ரேஷன் கார்டில் உன் பெயர் யாருக்குக் கீழே இருக்கிறது என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள். பிறகு, பெண் பார்க்கப் போவது மாதிரியே இரண்டு பேரையும் ஒரு பேக்கரிக்கு வரவழைப்பேன். ஆளுக்கொரு டீ, நடுவில் ஒரு தட்டு மக்ரூன். நான் அடுத்த மேஜையில் பேப்பர் படிப்பேன். தட்டில் கடைசியாக மிஞ்சும் மக்ரூனை யார் யாருக்குத் தள்ளுகிறான் என்று பார்ப்பேன். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சேர்ப்பது சுலபம். நிலைப்பதுதான் கஷ்டம்.

யோசித்துப் பாருங்கள், மேடம். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரு கல்யாணம் என்றால் எத்தனை முடிச்சுகள். கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். தாய்மாமன் வருகிறான், சம்பந்தி வருகிறாள், நகை, சீர்வரிசை, அப்புறம் பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காமல் போன பிறகும் அந்த முடிச்சுகள் பிடித்துக்கொண்டிருக்கும். நம் ஜனங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்ந்து முடிக்கிறார்கள். இந்தப் பையன்களுக்கு அப்படி ஒன்றுமே கிடையாது. கோபம் வந்தால் ஒருவன் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மறிக்க ஒரு மாமியார்கூட இல்லை.

ஊர் சுற்றுகிற பையனைப் பார்த்து நம் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? ஒரு கால்கட்டுப் போட்டுவிடு, சரியாகிவிடுவான் என்பார்கள். கல்யாணத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயரே அதுதான். அதைக் கொடூரம் என்று யாரும் சொன்னதில்லை. பெற்ற தாயே சொல்கிறாள். அந்தக் கால்கட்டை நான் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வாத்தியார் இருந்தார். பெயர் வேண்டாம். நான் சேர்த்து வைத்த பிறகும் ஒவ்வொரு பண்டிகைக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அண்ணன் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கே துணைவர் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் ஒரு டீக்கடை போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, உன் தம்பி யாரோடு இருக்கிறான் தெரியுமா என்று கேட்டேன். அந்த வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. அது மூடிய பிறகுதான் இந்த வீடு வீடாயிற்று. இப்போதும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். இன்னொருவன் சிங்கப்பூர் போகத் துடித்தான். அவனுடைய பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று என் பீரோவில் வைத்திருந்தோம். கேட்டபோது காணவில்லை என்றேன். நானும் அவனோடு சேர்ந்து தேடினேன்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிது என்று முகத்தில் தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஃபைசல், மகாராஜா விஷயம்.

ஃபைசல் காயல்பட்டினம். துபாயில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். என்னிடம் வந்த அன்று அவன் காதல் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. வீடு என்றுதான் சொன்னான்.

"எங்க ஊர்ல வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான் அண்ணாச்சி. ஆம்பள கல்யாணம் முடிச்சு பொண்டாட்டி வீட்டுக்குப் போயிரணும். நான் கல்யாணம் வேண்டாங்கேன். தங்கச்சி யுஸ்ராவுக்கு மாப்பிள்ள வந்துட்டாரு. இப்ப உம்மா வீட்டு ஹால்ல, சோபாவுல படுத்து எந்திக்கேன். உம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா காலைல மாப்பிள்ள வெளிய வாரதுக்குள்ள போர்வைய மடிச்சிரணும்லா."

மகாராஜா ஏரல் பக்கத்துக்காரன். ஆற்றில் நீச்சல் பழகி, கடலுக்கு வந்தவன். என் வள்ளத்தில்தான் சங்கு குளித்தான். தண்ணீருக்குள் அவனைப் போல் நிதானமானவனை நான் கண்டதில்லை. கரையில் வாய் ஓயாது. அவன் எப்படிப்பட்டவன் என்பது எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவனிடம் பேசுவதற்கு எனக்குத்தான் நாளாயிற்று.

பேக்கரியில் கடைசி மக்ரூனை ஃபைசல் இவன் பக்கம் தள்ளினான். இவன் அதை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டைத் தானே தின்றான். "நீதான தள்ளுன, பெறவு என்ன பார்வை?" என்றான். ஃபைசல் சிரித்துவிட்டான். நான் பேப்பரை மடித்தேன்.

பேச்சிச்செல்வியின் மாடி வீட்டை நான்தான் பேசி எடுத்துக் கொடுத்தேன். வேலை பார்க்கிற பையன்கள் என்று சொன்னேன். பேச்சிச்செல்வி விவரமானவள். மூன்றாம் மாதமே என்னைப் படியில் மறித்தாள். "ஏன் அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் வரன் பாக்கிய, எம் மாடியில ரெண்டு மாப்பிள்ள சும்மா கெடக்கானுவளே, கண்ணுக்குத் தெரியலயா?" என்றாள். "சரி சரி, முழிக்காதிய. கொழா தண்ணிய மட்டும் ஒழுங்கா மூடச் சொல்லுங்க" என்று போய்விட்டாள். இந்த உலகம் அவ்வளவு மோசமில்லை என்று அன்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அந்த வீட்டில் சாப்பாடு. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஃபைசல் மீன் குழம்பு வைப்பான். சாப்பிட்டபின் மகாராஜா என் தலைக்குத் தலையணை எடுத்துப் போடுவான். அவர்கள் இரண்டு பேரும் எதற்கோ சண்டை போடுகிற சத்தத்தில் நான் தூங்கிவிடுவேன். இதையும் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அடுத்தது கயிறு. சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். அந்தக் காலத்தில் முத்துக் குளித்தபோதே உள்ள வழக்கம், கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். அண்ணன் தம்பி ஆகாது. சொத்துத் தகராறு இருக்கும். மச்சான் கயிற்றை விட மாட்டான். விட்டால் தாலி இழப்பது அவனுடைய தங்கச்சி அல்லவா? இப்போது கம்ப்ரஸர் வந்துவிட்டது. மிஷினிலிருந்து ஹோஸ் வழியாகக் காற்று போகிறது. கயிறும் ஹோஸும் ஒரே ஆள் கையில்தான். ஆனாலும் மச்சான் கிடைத்தால் மச்சானைத்தான் உட்கார வைப்பார்கள்.

ஒருநாள் விடியற்காலை மகாராஜா கயிற்று முனையை என் கையில் கொண்டுவந்து வைத்தான்.

"மச்சான்தான் பிடிக்கணும்ங்காவ. எனக்கு எந்த மச்சான் இருக்கான்? ஃபைசலக் கட்டிவச்சது நீங்க. அப்ப நீங்கதான மச்சான்? பிடிங்க."

"ஏலே, எனக்கு வயசு என்ன, உனக்கு வயசு என்ன?"

"கெழட்டு மச்சான். இருந்துட்டுப் போட்டும்."

அன்றிலிருந்து அவன் இறங்குகிற நாளெல்லாம் நானும் கடலுக்குப் போனேன். இதற்கு முன் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. அண்ணாச்சி என்பது முறை இல்லை, மேடம். மளிகைக் கடைக்காரரும் அண்ணாச்சிதான்.

இப்படி மூன்று வருஷம். அப்புறம் மகாராஜாவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு வேலை வந்தது. கப்பலின் அடிப்பக்கத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற கம்பெனி. இந்த வருஷச் சங்குக் குளிப்பு முடிந்ததும் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டான். ஃபைசல் என்னிடம் வந்து அழுதான். அவனைக் கைவிட்டுப் போகிறவனை நான் எப்படியாவது நிறுத்த வேண்டியிருந்தது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

சரி. ஃபைசல் சொன்னதாக நீங்கள் இப்போது வாசித்துக் காட்டியது உண்மைதான். ஃபைசல் தனியாக வரவில்லை. இரண்டு பேருமாகத்தான் வந்தார்கள். கையில் ஒரு பெட்டி மக்ரூன் வேறு. அவர்கள் பேசியது அப்படியே ஞாபகம் இருக்கிறது, சொல்கிறேன்.

"அண்ணாச்சி, கோவப்படாம கேக்கணும்" என்று மகாராஜாதான் ஆரம்பித்தான். "நாங்க பிரிஞ்சிரலாம்னு இருக்கோம்."

"சண்டையா?"

"சண்ட போட்டாத்தான் பிரியணுமா?" என்றான் ஃபைசல். "நல்லாத்தான் இருந்தோம் அண்ணாச்சி. இப்ப ஒரு பிளக்குல சொருகுன ரெண்டு போன் மாதிரி கெடக்கோம். பக்கத்துல பக்கத்துல. பேச்சே இல்ல. இவன் கொச்சிக்குப் போறான். எனக்குத் துபாய்ல பழைய கடையிலயே கூப்பிடுதாங்க. இந்தத் தடவ நானா போறேன், யாருக்கும் ஒளிஞ்சு போகல."

"இவன் மீன் கொழம்பு மட்டுந்தான் எனக்குக் கஷ்டம்" என்றான் மகாராஜா.

"ஒங் கொறட்ட இல்லாம எனக்கு ஒரு கஷ்டமும் இல்லலே, போ."

சிரித்தார்கள். பிரியப் போகிறவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் ஃபைசலுக்குக் கண் நிறைந்தது. "ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தோம். எங்களுக்கு வேற பெரியவுக யாரு இருக்கா?" என்றான். அவன் அழுதான் என்று நான் சொன்னது பொய்யில்லை. ஏன் அழுதான் என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன்.

நான் கோபப்படவில்லை. மக்ரூனில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லது தம்பிகளா என்றேன்.

அன்றைக்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இவர்கள் சின்னப் பிள்ளைகள். அலுப்பு வந்தவுடன் அன்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நாற்பது வயதில் ஒருவன் கொச்சியிலும் ஒருவன் துபாயிலும் தனியாகச் சோறு பொங்கித் தின்னும்போது தெரியும். அதை நான் தின்று பார்த்தவன். அவர்களுக்கு நன்மை எது என்று அவர்களைவிட எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவன் சும்மா இருந்தால் அதுதான் பாவம்.

ஃபைசலின் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. வீட்டாருக்குப் போன் செய்யவும் வழியில்லை. அவன் உம்மாவுக்கு எல்லாம் தெரியும். மாதம் ஒரு தடவை கொழுக்கட்டை கொடுத்தனுப்புவாள். மகாராஜாவின் அம்மா அருணாசலவடிவு எதையும் கேட்காமலிருக்கப் பழகிவிட்டவள். யோசித்துப் பார்த்தால் என் கையில் இருந்தது ஒரு கயிறும் ஒரு ஹோஸும்தான்.

சங்குக் குளிப்பு முடியப் போகிற வாரம். கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. சங்கு கிடக்கிற கடலடிப் பார் இருக்கிற இடம் ஆழம். மகாராஜா காலையிலிருந்து இரண்டு தடவை இறங்கி ஏறியிருந்தான். மூன்றாவது தடவை ரொம்ப நேரம் அடியிலேயே இருந்தான். சங்கு நிறையக் கிடைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆழத்தில் இருந்தவன் மெதுவாகத்தான் மேலே வர வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போட்ட இடங்களில் நின்று நின்று வருவான். அவசரப்பட்டு ஏறினால் ரத்தத்தில் கரைந்த காற்று குமிழி குமிழியாகப் பொங்கும். சோடா பாட்டிலை உடைத்த மாதிரி. அது முதுகுத் தண்டில் போய் அடைத்தால் கால் போகும். திரேஸ்புரத்தில் அப்படிக் கால் போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை விட்டுப்போன பெண்டாட்டி ஒருத்திகூட இல்லை. அதையும் நான் கவனித்திருந்தேன்.

வள்ளத்தில் எங்களோடு இருந்தது வேலைக்கார பையன் செந்தூர்பாண்டி ஒருவன்தான். அவன் முன்பக்கம் தார்ப்பாய் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதன் தொட்டியில் மிச்சக் காற்று இருக்கும். அவன் நிதானமாக மேலே வந்துவிடுவான். அதனால் ஹோஸ் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த வால்வைத் திருகினேன். சின்னச் சாவிதான், சமையல் கேஸ் அடைப்பது மாதிரி. காற்று உடனே நின்றது. கையில் கயிறு ஒரு தடவை வெட்டி இழுத்தது. அப்புறம் தளர்ந்தது. அவன் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். தலை தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் மிஷினை நிறுத்தினேன். வால்வைப் பழையபடி திறந்து வைத்தேன்.

"எவம்லே மிஷின நிறுத்துனது?" என்று கத்திக்கொண்டே மேலே வந்தான். என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "காத்து நின்னுட்டு அண்ணாச்சி. செத்தேன்னு நெனச்சேன்."

டீசல் தீர்ந்துவிட்டது என்றேன். கையைப் பிடித்து அவனை மேலே ஏற்றினேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். கொஞ்ச நேரம் செந்தூர்பாண்டியைக் கேலி செய்துகொண்டிருந்தான். பிறகு தொடையைத் தட்டிப் பார்த்தான்.

"கால் மரக்குது."

செந்தூர்பாண்டி பதறிவிட்டான். "அண்ணாச்சி, திரும்ப எறக்குங்க. மிஷினப் போட்டு பாதி ஆழத்துல நிப்பாட்டுனா சரியாப் போவும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. எறக்குங்க அண்ணாச்சி!"

எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். பல பேருக்குச் சரியாகவும் போயிருக்கிறது. "மிஷினுக்கு டீசல் இல்லை, வள்ளத்து இன்ஜினில் இருப்பது கரை சேரத்தான் காணும், கரைக்கு விடு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன். ஆஸ்பத்திரி என்று சொன்ன பிறகு யார் மறுக்க முடியும்? கரை தூரம். வழியெல்லாம் மகாராஜாவின் தலை என் மடியில் இருந்தது. கால்கள் திரும்ப வராததற்கு டாக்டர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தாமதம் என்னுடையது.

செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறீர்கள். சாக விட்டிருக்க மாட்டேன், மேடம். நான் மச்சான் ஸ்தானத்தில் இருந்தவன். தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த ஸ்தானத்தின் கவலை. அவள் புருஷன் நடப்பானா, நடக்க மாட்டானா என்று அந்த வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

ஃபைசல் துபாய்க்குப் போகவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மாடியிலிருந்து தூக்கி இறக்குவது எல்லாம் அவன்தான். அருணாசலவடிவு வந்து ஒரு நாள் முழுவதும் மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். போகும்போது ஃபைசலின் கையைப் பிடித்து, "பெத்தவ நான்கூட இப்படிச் செய்ய மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாமியார் வாயிலிருந்து இதைவிட என்ன வேண்டும்?

பழைய சிரிப்பு இல்லை என்பது உண்மைதான். மகாராஜா பேச்சைக் குறைத்துக்கொண்டான். "போயிரு. எனக்காவ ஒண்ணும் கெடக்க வேண்டாம்" என்று மட்டும் அடிக்கடி சொல்வான். ஃபைசல் போர்வையை மடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, இப்ப இவன விட்டுட்டுப் போனா நான் மனுசனா? போகாம இருந்தா நான் நானா? நீங்க பெரியவுக, சொல்லுங்க."

"இதுதான் குடும்பம்" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க."

அவன் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினான். அவன் கால் போனதற்குப் பிறகான இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை. மீன் நானே வாங்கிக்கொண்டு போவேன். தலையணை எடுத்துப் போடத்தான் ஆள் இல்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

மகாராஜா எப்படிக் கண்டுபிடித்தான் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படுத்தபடியே அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான். மிஷின் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். காற்று நின்று அவன் மேலே வருகிறபோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. டீசல் தீர்ந்த மிஷின் எப்படி ஓடும்? செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் மிஷினின் டீசல் டேங்கைக் கழுவும்போது பாதி டீசல் இருந்தது என்று அவன் சொல்லியிருக்கிறான். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. மீனைப் பேச்சிச்செல்வியிடம் கொடுத்தேன். அவள் வாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

சுருக்கமாகச் சொல்லட்டுமா? கம்ப்ரஸர் வால்வை அடைத்தது நான். தெரிந்துதான் அடைத்தேன். மகாராஜாவைத் திரும்ப இறக்கவிடாமல் தடுத்ததும் நான். செந்தூர்பாண்டிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யாரும் என்னைத் தூண்டவில்லை, மிரட்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

திருநெல்வேலியில் நடக்க முடியாதவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிற விடுதி ஒன்றில் மகாராஜாவைச் சேர்க்கப் போகிறார்கள், ஃபைசல் அடுத்த வாரம் விமானம் ஏறுகிறான் என்று சொன்னீர்கள். அவனைப் போகச் சொல்லிப் பிடிவாதமாக நின்றது மகாராஜாதான் என்றும் சொன்னீர்கள். இருக்கட்டும். கோபத்தில் எடுக்கிற முடிவு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும், மேடம். நேற்று அவர்கள் என் மேல் புகார் கொடுக்க வந்தார்கள் அல்லவா? இந்த ஸ்டேஷனில் படி ஏழெட்டு இருக்கிறது. மகாராஜாவால் ஏற முடியாது. ஃபைசல்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பான். அவன் கழுத்தை இவன் கட்டிப் பிடித்திருப்பான். மனுவிலும் இரண்டு பேர் கையெழுத்தும் அடுத்தடுத்து இருக்கிறது, நான் பார்த்தேன்.

சேர்ந்துதானே வந்தார்கள்?